பெரியவளின் சட்டை

ராஜகீழ்ப்பாக்கம்,
12-6-1989

அன்புள்ள தம்பி சவுரிமுத்துவுக்கு,

மாதா கிருபையால் நானும் என் முட்டிவலியும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கிறோம். நீ பெங்களூர் போய்ச் சேர்ந்தாயா? சரசுவுக்கு இருமல் விட்டதா? ஒரு கார்டு போடக்கூட உனக்கு ஆள் வைக்க வேண்டும் போலிருக்கிறது.

உன்னை ரயிலேற்றிவிட்டு வந்து பார்த்தால், மேஜையில் பெரியவளின் கண்ணாடி ஜாடி இருந்த இடம் மட்டும் வட்டமாகத் தூசியில்லாமல் இருக்கிறது. ஆறு வருடம் அங்கேயே இருந்தாள். பீர்க்கன்கரணை விறகுத்தொட்டியில் சேட்டு ஒரு பொந்துக் கட்டையைப் பிளந்தபோது உள்ளேயிருந்து நகக்கண் அளவில் ஓடி வந்தவள், போகும்போது என் உள்ளங்கையை அடைத்து உட்காரும் அளவுக்கு வளர்ந்திருந்தாள். சிலந்தி வளர்க்கிறாளாம் என்று நம் சொந்தக்காரர்களே சிரித்தார்கள். "காலா காலத்துல கட்டிக் குடுத்திருந்தா இந்தக் கிறுக்கு வந்திருக்காது" என்று சித்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். நீ மட்டும்தான் ஜாடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாய். அதனால்தான் கேட்டவுடன் கொடுத்தேன்.

சேட்டு இன்று வழியில் பிடித்துக்கொண்டான். "இன்னா டீச்சர், உங்க எட்டுக்கால் பூச்சிக்கு மாப்ள பாத்துட்டீங்களாமே? பெங்களூர்ல கீறானாமே?" என்று தொட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரிக்கும்படி கேட்டான். ஆமாம், வசதியான இடம் என்றேன்.

உன் நண்பர் பத்ரிநாராயணன் சார் அவருடைய ஆண் சிலந்தியைக் கொண்டுவந்து விடுவதற்கு முன்னால் அவளுக்கு வயிறு நிறையச் சுவர்க்கோழிப் பூச்சி போடு. பசியோடு இருந்தால் மாப்பிள்ளையைத் தின்றுவிடுவாள். இடது பக்கம் மூன்றாவது கால் குட்டை, ஞாபகமிருக்கிறதல்லவா? ஜாடி மூடியில் சிக்கி ஒடிந்து, அடுத்த முறை சட்டை உரித்தபோது மறுபடி முளைத்த கால். வழவழப்பில் ஏறினால் வழுக்கும். சொரசொரப்பான மரப்பட்டையாகப் பார்த்து நிமிர்த்தி வை.

குஞ்சு பொரித்தால் பேசியபடி பாதிக்குப் பாதி. அவளை மட்டும் முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடு.

அன்பு அக்கா,
செல்வமேரி


பெங்களூர்,
20-10-1989

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று எழுதவே கூசுகிறது.

பெரியவள் போய்விட்டாள். பத்ரிநாராயணன் சாரின் ஆணோடு எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அவரே கொண்டுவந்தார், அவரே பார்த்து எடுத்துப் போனார். வயிறு பருத்து, முட்டையிடும் சமயத்தில் ஒரு நாள் காலையில் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தாள். சரசு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சார் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. இந்த ஜாதிச் சிலந்தியைக் கையில் எடுக்கவே கூடாதாம். நீ தோளில் ஏறவிட்டதும் முழங்கையில் நடக்கவிட்டதும் அதன் உடம்பை உள்ளுக்குள்ளேயே கெடுத்திருக்கிறதாம். நீ கொஞ்சிக் கொஞ்சித்தான் அவளைக் கொன்றிருக்கிறாய், அக்கா. ஆசையில் செய்ததுதானே, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே.

பின்பக்கம் பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சவுரிமுத்து


ராஜகீழ்ப்பாக்கம்,
7-1-1990

தம்பி சவுரிக்கு,

பதில் எழுதக் கை ஓடவில்லை. கிறிஸ்துமஸுக்கும் அதனால்தான் கார்டு போடவில்லை. புது வருடம் உங்கள் இருவருக்கும் நல்லபடியாக இருக்கட்டும்.

நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும். நான் படித்துவிட்டாவது செய்திருக்கலாம். உன் நண்பருக்கு என் நன்றியைச் சொல். மறைக்காமல் சொன்னதற்கு உனக்கும்.

செல்வமேரி


பெங்களூர்,
15-1-1991

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் முடிந்து எழுதுகிறேன். நானும் சரசுவும் நலம். உன் முட்டிவலி எப்படி? ஒரு வருடமாக நீ நாலு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்று சரசு குறைப்படுகிறாள்.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். மைசூரில் ஒருவரிடமிருந்து நம் பெரியவளின் ஜாதியிலேயே ஆறு குஞ்சுகள் வாங்கி வளர்க்கிறேன். நீ கற்றுக்கொடுத்த வித்தைதான். இங்கே பிராணி வளர்ப்பவர்கள் கிளப் ஒன்று இருக்கிறது. அதில் சிலந்தி என்றால் சவுரிமுத்து என்று பெயராகிவிட்டது. இந்த வருடக் கண்காட்சியில் என் பெண் சிலந்திகளை வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எது பெண், எது ஆண் என்று எனக்குத் தெரியவில்லையே! பெண் என்றால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும், ஆண் வயதுக்கு வந்து கடைசிச் சட்டையை உரித்துவிட்டால் மெலிந்துபோய்ச் சில மாதத்தில் முடிந்துவிடும் என்று நீதானே சொல்வாய். ஆறும் உரித்த சட்டைகளைத் தீப்பெட்டியில் போட்டு, நம்பர் எழுதி அனுப்பியிருக்கிறேன். உன் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல். நான் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் சரசுதான் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்சல் கட்டினாள். ஏதாவது நொறுங்கியிருந்தால் அவளைத் திட்டு.

உன் தம்பி,
சவுரி


ராஜகீழ்ப்பாக்கம்,
24-1-1991

அன்புள்ள தங்கை பேபிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் திருச்சி வெயிலில் வாடாமல் இருக்க வேண்டுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். பதினைந்து மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் நன்றாக இருக்கிறேன்.

சவுரி ஆறு தீப்பெட்டி அனுப்பியிருந்தான். பார்சலைப் பிரித்தால் அடியில், பத்திரிகைத் தாளில் சுற்றி ஏழாவதாக ஒன்று. உள்ளங்கை அகலச் சட்டை. சரசு அலமாரியில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கட்டியிருக்கிறாள், பாவம். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொரு காலாகப் பிரித்தேன். இடது பக்கம் மூன்றாவது கால் குட்டை.

அவள் என் வீட்டில் உரித்த சட்டைகள் எல்லாம் என் பீரோவில் இருக்கின்றன. இது அதில் சேராதது, நிறம்கூட இன்னும் மங்கவில்லை, போன மாதமோ அதற்கு முந்தின மாதமோ உரித்தது. செத்தவள் சட்டை உரிப்பாளா, பேபி? பெரியவள் உயிரோடு இருக்கிறாள். மைசூராவது மண்ணாவது, அந்த ஆறும் அவள் பெற்ற பிள்ளைகள். பாதி கொடுக்க மனமில்லாமல் சாவுச் செய்தி எழுதியிருக்கிறான் உன் அண்ணன்.

திருடினதைக்கூட நான் விட்டுவிடுவேன். திருட்டை மறைக்க என்னைக் கொலைகாரி ஆக்கினானே, அதை எப்படி விடுவது? கொஞ்சிக் கொஞ்சிக் கொன்றாய் என்று எழுதினான். போன வருடம் திருச்சிக்கு வந்தபோது, உன் பிள்ளையைத் தூக்கவே இல்லை என்று கோபித்துக்கொண்டாய். சளி பிடித்திருக்கிறது என்று சொன்னேன். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. என் கை பட்டால் உயிருக்கு ஆகாது என்று நான் நம்பியிருந்தேன். நாற்பத்திரண்டு வயதில், படித்த பொம்பிளை, அதை நம்பினேன்.

சேட்டுவிடம் சொன்னேன். வாயிலிருந்த பீடியைக் கீழே போட்டுவிட்டான். "கூடப் பொறந்தவனா இது? வுடாதீங்க டீச்சர். நீங்க சொம்மா கீறீங்கன்னுதான் அவன் ஆடிகினு கீறான்" என்றான்.

விடப்போவதில்லை. ஆறு சட்டையையும் பார்த்துவிட்டேன். வயிற்றுப் பக்கத் தோலின் உட்புறம் சின்னப் பை மாதிரி இருந்தால் பெண், இல்லாவிட்டால் ஆண். ஒன்று, மூன்று, நான்கு பெண். மற்ற மூன்றும் ஆண். அவனுக்கு நான் மாற்றி எழுதப்போகிறேன். ஆண்களைப் பெண் என்று நம்பி வளர்க்கட்டும். வளர்த்து, வயதுக்கு வந்து, கண்ணெதிரே அவை செத்துப்போவதைப் பார்க்கட்டும்.

கிழித்துப் போட்டுவிடு இதை. பிள்ளைக்கு என் முத்தம்.

மேரியக்கா


ராஜகீழ்ப்பாக்கம்,
25-1-1991

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. நீயும் சரசுவும் நோய் நொடியில்லாமல் இருக்க வேளாங்கண்ணி மாதாவிடம் தினமும் கேட்கிறேன். முட்டிவலி இப்போது பரவாயில்லை.

சட்டைகள் நொறுங்காமல் வந்தன. சரசுவுக்கு என் பாராட்டு, ரொம்பக் கவனமாகக் கட்டியிருக்கிறாள். பார்த்துவிட்டேன். இரண்டு, ஐந்து, ஆறு பெண்கள். ஒன்று, மூன்று, நான்கு ஆண்கள். சந்தேகமே இல்லை.

இத்தனை கைராசி உனக்கு! மூன்று ஆண்களுக்கும் நீ ஏன் தண்டத்துக்குத் தீனி போட வேண்டும்? என் லேபுக்கு அனுப்பிவிடு. பிள்ளைகளுக்குக் காட்டுவேன். எனக்கும் பொழுது போகும்.

அன்பு அக்கா,
செல்வமேரி


திருச்சி,
20-3-1991

அன்புள்ள மேரியக்காவுக்கு,

நாங்கள் சுகம். பிள்ளைக்குப் பல் முளைத்து, கண்டதையெல்லாம் கடிக்கிறான். உனக்குச் சரியான ஜோடி.

உடனே பதில் எழுதினால் சண்டையாகிவிடும் என்று ஆறப்போட்டேன். அண்ணன் செய்தது பெரிய தப்பு. படித்துவிட்டு நான் அழுதேன். பிள்ளையைத் தூக்காத விஷயத்துக்காக அழுதேன், சிலந்திக்காக இல்லை. அவனை நேரே கேள். பெங்களூருக்குப் போய் வாசலில் நின்று கத்து, நானும் கூட வருகிறேன். அதை விட்டுவிட்டு இது என்ன வேலை? வகுப்பில் பிள்ளைகள் பொய் சொன்னால் முட்டி போட வைப்பாயே, உன்னை யார் முட்டி போட வைப்பது? பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சாமியாரிடம் என்னவென்று சொல்வாய்?

இவர் கேட்கிறார், அந்த மூன்றையும் அவன் அனுப்பிவிட்டானா என்று. எனக்குத் தெரிய வேண்டாம். இவர்தான் கேட்கிறார்.

அன்புத் தங்கை,
பேபி

பி.கு. கடிதத்தைக் கிழிக்கவில்லை. எரித்துவிட்டேன்.


பெங்களூர்,
18-12-1991

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து. சரசு கேக் செய்து வைத்திருக்கிறாள். எனக்குத்தான் எதிலும் மனம் ஒட்டவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? நான் அனுப்பிய ஆண்கள் இன்னும் இருக்கின்றனவா?

என் பெண்களுக்கு ஏதோ ஆகிவிட்டது, அக்கா. மூன்றும் போன மாதம் சட்டை உரித்தன. உரித்ததிலிருந்து வயிறு ஒட்டிப்போய், காலெல்லாம் நீண்டு, கம்பியாக நிற்கின்றன. சுவர்க்கோழி போட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. நாள் முழுக்கப் பெட்டிக்குள் அலைகின்றன. கண்காட்சியில் வைத்தேன். பம்பாயிலிருந்து வந்த ஒருவர் எல்லோர் முன்னாலும், "என்ன சார், சோறு போடுவதே இல்லையா?" என்று கேட்டார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன்.

வயதுக்கு வந்த ஆண்தான் இப்படி ஆகும் என்று நீ சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் இவை நீயே பார்த்துச் சொன்ன பெண்கள். என் கண்ணைவிட உன் மைக்ராஸ்கோப்பைத்தான் நம்புவேன். பத்ரிநாராயணன் சார் மகனோடு அமெரிக்கா போய்விட்டார். உன்னை விட்டால் கேட்க ஆளில்லை. என்ன நோய் இது? என்ன மருந்து? கிளப்புக்குப் போகும்போதெல்லாம் கையில் ஏற்றிக்கொண்டு போவேன், அவ்வளவு பழக்கம். சீக்கிரம் எழுது.

உன் தம்பி,
சவுரி


ராஜகீழ்ப்பாக்கம்,
2-3-1992

அன்புள்ள தம்பிக்கு,

மாடல் பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலையில் பதில் தள்ளிப்போய்விட்டது. கோபிக்காதே. நீ, சரசு இருவரும் நலம்தானே? பெங்களூரில் இந்த வருடம் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

நீ அனுப்பிய மூன்றும் கொழுகொழுவென்று இருக்கின்றன.

உன் பெண்களுக்கு நோயும் இல்லை, மருந்தும் இல்லை. இனி அவை பிழைக்காது. கையில் ஏற்றிக்கொண்டு போவேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ கொஞ்சிக் கொஞ்சித்தான் அவர்களைக் கொன்றிருக்கிறாய், சவுரி. ஆசையில் செய்ததுதானே, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே.

அன்பு அக்கா,
செல்வமேரி


பெங்களூர்,
30-5-1992

அக்கா,

மூன்றும் போய்விட்டன. கடைசியாகப் போனது ஆறாம் நம்பர். அதுதான் என் சட்டைப் பைக்குள் ஏறி உட்காரும். கூப்பிட்டால் வரும் என்றுகூட ஆபீஸில் சொல்லியிருக்கிறேன், பொய்தான்.

நீ எழுதியிருந்தாயே ஒரு வரி, அது நான் உனக்கு எழுதிய வரி. படித்தவுடனே தெரிந்துவிட்டது. நான் எழுதியபோது அது பொய். நீ எழுதியது உண்மை. பொய்யாகச் சொன்ன பாவம் நிஜமாகி என் தலையிலேயே விழுந்திருக்கிறது.

பெரியவள் சாகவில்லை, அக்கா. பத்ரிநாராயணன் சார் உன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. முட்டைப் பை கட்டியதும், பாதியைக் கொடுத்தால் உன்னிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும், அப்புறம் என்னை யார் தேடி வருவார்கள் என்று தோன்றிவிட்டது. எல்லோரும் என்னிடம் வந்தார்கள். பேப்பரில் படம்கூட வந்தது. அந்த ஆறும் அவள் குஞ்சுகள்தான். மைசூர் என்றதும் பொய்.

இவ்வளவு செய்தவனுக்கு நீ ஆண், பெண் பார்த்துக் கொடுத்தாய், கைராசி என்று எழுதினாய். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

சரசுவின் அண்ணன் புதன்கிழமை தாம்பரம் வருகிறான். பெரியவளை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் அவளைத் தொடவில்லை. ஜாடியைக்கூட சரசுதான் கட்டினாள். கிளப்பிலிருந்து விலகிவிட்டேன். என் கையில் ஒரு உயிர் தங்காது.

சவுரிமுத்து


திருச்சி,
21-6-1992

அன்புள்ள மேரியக்காவுக்கு,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

அண்ணன் இங்கே வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனான். பாதியாக இளைத்திருக்கிறான். பிள்ளை "மாமா மாமா" என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டான். அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், அக்கா. குனியவே இல்லை. "தூக்குண்ணா" என்றேன். "வேணாம் பேபி, சளி புடிச்சிருக்கு" என்றான்.

அதே வார்த்தை. நான் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். உண்மை தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன், உனக்காக. இனிமேல் முடியாது. அவன்தான் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டானே. உன் பெரியவளும் வந்துவிட்டாள். அவை ஆண்கள், ஆயுசு முடிந்து செத்தன, உன் தப்பில்லை என்று ஒரு வரி எழுதினால் உனக்கு என்ன குறைந்துவிடும்? இப்போது சந்தோஷமாக இருக்கிறதா உனக்கு?

பேபி


ராஜகீழ்ப்பாக்கம்,
1-7-1992

அன்புள்ள பேபிக்கு,

நீ, மாப்பிள்ளை, பிள்ளை மூவரும் நலமாக இருக்க வேண்டும். நீ நினைத்தது சரி, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பெரியவள் வந்து சேர்ந்தாள். ஜாடியைத் திறந்து கையை நீட்டினேன். ஏறி முழங்கை வரை நடந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். என்னை அடையாளம் தெரிந்து ஏறவில்லை. சிலந்திக்கு ஆள் அடையாளம் தெரியாது, அது எனக்கும் தெரியும். யார் கையை நீட்டினாலும் ஏறியிருப்பாள். அப்படியும் அழுதேன். அவள் பெண்கள் மூன்றும் பக்கத்து ஜாடிகளில் வளர்கின்றன. சேட்டு வந்து பார்த்துவிட்டு, "குடும்பமே வந்து சேந்துச்சே டீச்சர்" என்றான்.

சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. உன் கடிதத்தில் அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அக்கா மாறிவிட்டாள் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். நான் அப்படி நின்றபோது சமையலறைக்குள் போய் அழ ஒருவரும் இல்லை. நீயும் என்மேல் கோபித்துக்கொண்டுதான் இருந்தாய்.

ஒத்துக்கொண்டுவிட்டானே என்கிறாய். எப்போது ஒத்துக்கொண்டான்? தன் வீட்டில் சாவு விழுந்த பிறகு. மூன்றும் பிழைத்திருந்தால் பெரியவள் இன்னும் அந்தப் பப்பாளி மரத்தடியில்தான் கிடந்திருப்பாள்.

அவனிடம் சொல்லாமல் இருந்துவிடுவேன் என்று பயப்படாதே. நான் அவன் இல்லை. சொல்வேன். ஆண்கள் என்றும், அவன் கையால் எதுவும் சாகவில்லை என்றும், ஏழாவது சட்டை எப்படி வந்தது என்றும் ஒன்று விடாமல் எழுதுவேன். 89 அக்டோபரிலிருந்து 91 ஜனவரி வரை, பதினைந்து மாதம் நான் கொலைகாரியாக இருந்தேன். அவன் இந்த மார்ச்சில்தான் ஆரம்பித்திருக்கிறான். அடுத்த வருடம் ஜூனில், பள்ளிக்கூடம் திறந்ததும் கடிதம் போடுவேன். ஒரு நாள் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அதற்கு முன்னால் நீ அவனிடம் சொன்னாயானால், எனக்குத் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை என்று இருந்துகொள்வேன். அடுத்த முறை அவன் வந்தால் வயிறாரச் சாப்பிட வைத்து அனுப்பு.

அன்புடன்,
மேரியக்கா